பொருள்: கரடி ஆற்றில் விழுதல் தொடர்பாக

அமெரிக்காவுக்குக் கிளம்பும் தமிழ்க் குடும்பம் எதையாவது கவனித்திருக்கிறீர்களா? பாஸ்போர்ட்டை ஒருமுறை பார்ப்பார்கள். வோல்டேஜை நான்கு பேரிடம் விசாரிப்பார்கள். "அங்க நூத்திப்பத்துதானுங்களே?" என்று கேட்டுவிட்டு, மிக்ஸிக்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மர், இட்லி மாவு கிரைண்டருக்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மர் என்று பெட்டியில் இரும்பைச் சுமந்துகொண்டு போவார்கள். இந்த விஷயத்தில் நான் எல்லோரையும்விட மோசம். மின்வாரியத்தில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன். கடைசிப் பதினான்கு வருடம் மின்சுமைப் பகிர்வு மையத்தில், ஒரு முள்ளின் எதிரே உட்கார்ந்திருந்தேன். மாநிலத்தின் மொத்த மின்சாரமும் வினாடிக்கு ஐம்பது சைக்கிள் என்று அந்த முள் காட்ட வேண்டும். அது கொஞ்சம் அசைந்தால் எனக்கு வியர்க்கும். ஓய்வு பெற்றபோது சால்வை போர்த்தி, "ஐம்பதைக் காத்த அண்ணல்" என்று ஒருவர் பேசினார். அவர் அடுத்த பதவி உயர்வுக்குக் காத்திருந்தவர் என்பது வேறு விஷயம்.

அப்படிப்பட்ட நான் போன சித்திரையில் ஈரோட்டிலிருந்து டெக்சாஸுக்கு, டல்லாஸ் பக்கம் காப்பெல்லில் இருக்கும் மகள் கவிதா வீட்டுக்கு, ஒரு பழைய வீடியோ கேம் பெட்டியையும் அதற்கான நான்கு கிலோ டிரான்ஸ்ஃபார்மரையும் சுமந்து வந்தேன். பேரப்பிள்ளைக்காக இல்லை. என் மனைவி பத்மாவதிக்காக.

பத்மாவதி கணக்கு டீச்சராக இருந்தவள். அதற்கு முந்தைய ஆடியில் அவளுக்கு லேசான பக்கவாதம் வந்தது. கால் ஒரு மாதத்தில் திரும்பிவிட்டது. வலது கை மட்டும், விடுப்பு முடிந்தும் பணிக்குத் திரும்பாத ஊழியரைப் போல, பதிவேட்டில் பெயர் இருக்க ஆள் வராமல் இருந்தது. முதல் வருடம்தான் முக்கியம், அதற்குள் வருவது வந்தால்தான் உண்டு என்றார் டாக்டர். பயிற்சிக்கு ஒரு ரப்பர் பந்து கொடுத்தார்கள். பத்மாவதி அதைப் பக்கத்து வீட்டு நாய்க்குக் கொடுத்துவிட்டாள்.

அப்போதுதான் பரணிலிருந்து கவிதா பள்ளி நாட்களில் விளையாடிய கேம் பெட்டி இறங்கியது. அதில் தபால்காரக் கரடி ஒன்று. தோளில் பையோடு ஆற்றின் மேல் மிதக்கும் பலகைகளில் தாவித் தாவி வீடு வீடாகக் கடிதம் கொடுக்கும். தாவுவதற்கான பொத்தான் வலது கட்டைவிரலுக்கு. நாற்பது வருடம் பிள்ளைகளை விளையாடாதே என்று அதட்டியவள், நான்கு மாதம் அந்தக் கரடியை வைத்து விளையாடினாள். முதலில் கட்டைவிரல் வந்தது. பிறகு சுட்டுவிரல் கொஞ்சம் வந்தது. சோற்றைக் கூட்டி எடுக்கத்தான் இன்னும் வரவில்லை. அதனால் அவள் ஒரு தீர்மானம் போட்டிருந்தாள்: வலது கையால் சாப்பிட வரும்வரை யாரோடும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. நாங்கள் எல்லோரும் எழுந்த பிறகு சமையலறையில் சுவரைப் பார்த்து நின்று, இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிடுவாள். அந்த நேரத்தில் உள்ளே யாரும் போகக் கூடாது.

காப்பெல்லில் சூட்கேஸைத் திறந்து பெட்டியைக் குலுக்கினேன். உள்ளே ஏதோ உருண்டது. இரண்டு விமானம் மாறியதில், டிரான்ஸ்ஃபார்மர் பத்திரமாக இருந்து, அது காப்பாற்ற வேண்டிய பெட்டி செத்துப்போயிருந்தது.

"அதுக்கென்னங்க மாமா, நம்மகிட்ட புதுசு இருக்குதுங்க," என்றார் மருமகன். வரவேற்பறையில் வெள்ளையாக, ஏர்கூலர் மாதிரி நின்றிருந்தது அவருடைய புதுப் பெட்டி. பழைய விளையாட்டுகளையும் அதில் இறக்கி ஓட்டலாமாம். பத்து நிமிடத்தில் கரடி திரையில் வந்துவிட்டது. பத்மாவதி பொத்தானை அமுக்கினாள். கரடி ஆற்றில் விழுந்தது. மறுபடியும் விழுந்தது.

"ஏனுங்க, இது ஓடுதுங்க."

"தபால்காரன்னா ஓடத்தானே வேணும்?"

"கரடிய சொல்லல. எல்லாமே ஓடுது. பலகை ஓடுது, ஆறு ஓடுது. எனக்குத் தாவறதுக்கே நேரம் குடுக்க மாட்டீங்குது."

பத்து நாள் கரடி விழுந்துகொண்டே இருந்தது. பதினோராம் நாள் பத்மாவதி கையில் பிடித்து ஆடும் பொத்தான் கருவியைக் கீழே வைத்துவிட்டாள். அதன் பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்க்க ஆரம்பித்தாள். காப்பெல்லில் ஜன்னல் வழியாகப் பார்க்க எதிர் வீட்டு கராஜ் கதவு தவிர வேறொன்றும் இல்லை.

குடும்பக் கூட்டத்தில் ஒருமனதாக முடிவானது: புதுப் பெட்டியின் புராசசர் வேகம் அதிகம், அதனால் கரடி ஓடுகிறது. நானும் முழு மனதோடு வழிமொழிந்தேன். புதியது எதுவாக இருந்தாலும் குற்றவாளி அதுதான் என்பது என் நெடுநாள் கொள்கை. தீர்வு: அதே மாடல் பழைய பெட்டி. ஜெர்சி சிட்டியில் வங்கி ஒன்றுக்கு ஒப்பந்த வேலை செய்யும் மகன் செந்தில், அங்கே ஒரு பாய் கடையில் அது இருப்பதாகச் சொன்னான். கூரியரில் அனுப்புகிறேன் என்றான். முந்தைய பெட்டி எப்படி வந்தது என்று நினைவூட்டினேன். நேரில் போய், சரிபார்த்து, கையில் கொண்டுவருவதே முறை. வரும் வழியில் கலிபோர்னியாவில் என் தம்பி மகன் பிரபு இருக்கிறான். இந்தக் கேம் பெட்டிகளின் புராசசரை வடிவமைக்கும் இடத்திலேயே வேலை. உபகரணம் எதையும் நிபுணர் சான்று இல்லாமல் பயன்பாட்டுக்கு எடுப்பதில்லை என்பது விதி.

"டல்லாஸ்ல இருந்து ஜெர்சி, ஜெர்சில இருந்து கலிபோர்னியா, அங்கிருந்து இங்க. இது வர்ற வழியாப்பா?" என்றாள் கவிதா.

விதியைத் தெரிந்தவனுக்கு எல்லாம் வழிதான்.

ஜெர்சி சிட்டியில் முதல் நாள் செந்தில் வேலைக்குப் போய்விட்டான். ஜர்னல் ஸ்கொயர் நிலையத்தில் எந்த நடைமேடை, எந்த ரயில் என்று தாளில் எழுதிக் கொடுத்திருந்தான். தாளைப் படித்துக்கொண்டிருக்கும்போதே ரயில் வந்தது, ஏறினேன், தாளைப் படித்து முடித்தபோது ஆற்றுக்கு அடியில் போய்க்கொண்டிருந்தேன். நியூபோர்ட்டில் இறங்க வேண்டியவன் மன்ஹாட்டனில் இறங்கினேன். பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணியிடம் திரும்பிப் போகும் வழி கேட்டேன். "நீங்கள் தொலைந்துவிட்டீர்களா?" என்றார். ஈரோட்டில் இந்தக் கேள்வியை ஆட்டுக்குட்டி விஷயத்தில்தான் கேட்பார்கள். "இல்லை, ஆய்வுப் பயணத்தில் இருக்கிறேன்," என்றேன். அவர் மரியாதையோடு விலகி நின்று, எதிர் நடைமேடையைக் காட்டினார்.

மதியம் ஒரு ஹோட்டலில் நெய் ரோஸ்ட். தட்டு காகிதம், கரண்டி பிளாஸ்டிக், சாம்பார் மட்டும் அசல். பக்கத்து மேசையில் இரண்டு இளைஞர்கள் கிரீன் கார்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். "எங்கப்பா ரிட்டையர் ஆகறதுக்கு முன்னாடி எனக்கு வந்துரும்னு நெனச்சேன் மச்சி. இப்ப நான் ரிட்டையர் ஆகறதுக்கு முன்னாடி வந்தா போதும்." வரிசையின் நீளத்தைக் கேட்டதும், எங்கள் அலுவலகத்தைக் குறை சொன்னவர்கள் எல்லோரையும் இங்கே ஒருமுறை கொண்டுவந்து உட்கார வைக்கத் தோன்றியது.

மறுநாள் பாய் கடை. உரிமையாளர் நூர் பாய் கீழக்கரைக்காரர், என் வயது. பழைய ரேடியோ, பழைய கேமரா, பழைய கேம் பெட்டி என்று கூரைவரை அடுக்கியிருந்தார். உட்காரச் சொல்லி, இஞ்சி டீ கொடுத்து, கேம் பெட்டிகளின் அலமாரியைக் கோயில் பிராகாரத்தைக் காட்டுவது போலக் காட்டினார்.

"மேல் தட்டு பாருங்க சார். கேசட்ட வாயால ஊதிச் செருகுவோமே, அது. அதுல சிப்பு ஒரே ஆளு. டீ போடறதும் அவன், கல்லாவுல உக்கார்றதும் அவன். ரெண்டாந்தட்டுல படம் வரையறதுக்குன்னு தனி ஆளு போட்டாங்க. சத்தத்துக்குத் தனி ஆளு. மூணாந்தட்டுலதான் உங்க பெட்டி. இவன் கெட்டிக்காரன். மலை, ஆறு, மரம் எல்லாத்தையும் கணக்குப் போட்டே வரைஞ்சிருவான்."

"நாலாவது தட்டு?"

"அது விக்க மாட்டேன் சார். சூடு தாங்காது. ரொம்பப் படிச்சவன்."

நான் பையிலிருந்து படிவத்தை எடுத்தேன். இருபத்தேழு இனங்கள். மாடல் எண், அச்சு எண், கம்பியின் நீளம், திருகுகளின் எண்ணிக்கை, மூடியின் கீறல்கள். ஈரோட்டுப் பெட்டியின் மாடல் எண்ணைக் குறித்து வந்திருந்தேன். கடைசி எழுத்து ஒன்று தவிர அப்படியே பொருந்தியது. வோல்டேஜ் நூற்றிருபது. டிரான்ஸ்ஃபார்மரே தேவையில்லை! அதற்கு நேரே இரண்டு டிக் போட்டேன்.

பாய் என் பேனாவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இன்ஜினியர் சார், கேம் பெட்டி வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?"

"பொண்ணு பாத்தப்ப இவ்வளவு பாக்கல பாய். அதுக்குத்தான் இப்ப அலையறேன்."

யாருக்காக என்று கேட்டார். சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டு உள்ளே போனார். பிடிக்க மெத்தென்று இருக்கும் ஒரு பழைய கருவியைத் தேடி எடுத்து வந்து, ஏற்கெனவே வைத்திருந்ததை எடுத்துவிட்டு அதை வைத்தார். "இது ரப்பர் தேஞ்சது. அமுக்க லேசா இருக்கும். தங்கச்சிக்குக் குடுங்க." அந்தக் கரடி விளையாட்டின் வட்டையும் தேடிக் கொடுத்தார்.

விமான நிலையச் சோதனையில் பெட்டியைத் தனியே எடுத்து வைத்தார்கள். நான் தயாராக இருந்தேன்: பொருள் விவரம், பயன்பாடு, பெறுபவர் பெயர் எல்லாம் அடங்கிய முகப்புக் கடிதம், மூன்று பிரதி. அதிகாரி மூன்றையும் வாங்கி, ஒன்றையும் படிக்காமல், பெட்டியைத் தடவிப் பார்த்தார். பிறகு தன் சக ஊழியரைக் கூப்பிட்டு, "இதைப் பாரேன், என் அண்ணன் தோற்ற கோபத்தில் இதே பெட்டியைத்தான் மாடியிலிருந்து போட்டான்," என்றார். வரிசை நின்றது. இருவரும் அண்ணனைப் பற்றிப் பேசி முடித்ததும் என்னைப் போகச் சொன்னார்கள். என் கடிதத்தில் பெறப்பட்டது என்று ஒரு முத்திரைகூட விழவில்லை.

பிரபு வீடு ஃப்ரீமாண்ட்டில். போகும் முன் சான் பிரான்சிஸ்கோவைக் காட்டுகிறேன் என்று ஓட்டுநர் இல்லாத டாக்ஸியில் ஏற்றினான். ஸ்டியரிங் தானாகத் திரும்பியது. ஒரு தெருவில், நின்றிருந்த லாரிக்குப் பின்னால் போய் நின்று, அங்கேயே நின்றுவிட்டது. ஹாரன் இல்லை, திட்டு இல்லை. "மன்னிக்கவும், வழி தேடிக்கொண்டிருக்கிறோம்," என்றது ஒரு பெண் குரல்.

"இப்ப யார் பொறுப்பு?" என்று பிரபுவைக் கேட்டேன்.

"டெக்னிக்கலா, யாருமில்லீங்க பெரியப்பா."

இத்தனை செலவில் எங்கள் அலுவலகத்தையே சக்கரத்தில் ஏற்றியிருக்கிறார்கள்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிரபுவின் மனைவி கினோவா என்ற தானியத்தில் பொங்கல் செய்திருந்தாள். மிளகும் நெய்யும் தங்கள் கடமையைச் செய்தன. கினோவா பார்வையாளராகக் கலந்துகொண்டது. மறுநாள் காலை பிரபுவின் மேசை மேல் பாயின் பெட்டியை வைத்து, விசாரணையைத் தொடங்கினேன். புதுப் புராசசர் ஏன் கரடியை விரட்டுகிறது?

"வெரட்டலீங்க பெரியப்பா," என்றான் பிரபு. அவன் முகம் கொஞ்சம் மாறியது. "பழைய கேமை ஓட்டறதுதான் என் டீமோட வேலையே. நாலு வருசமா அதத்தான் பண்ணிட்டு இருக்கேன்."

பாயின் அலமாரியில் விட்ட இடத்திலிருந்து அவன் தொடர்ந்தான். நான்காவது தட்டுக்காரனுக்கு ஒரு தலைவனும் எட்டு உதவியாளர்களும். ஒவ்வொரு உதவியாளருக்கும் தனி மேசை, தனி அலமாரி. யாரும் எழுந்து போய்க் கோப்பை எடுக்க முடியாது. தேவையான தாள் மேசைக்கு வந்தால்தான் வேலை. எந்தத் தாள் எந்த மேசைக்கு எப்போது போக வேண்டும் என்பதை விளையாட்டை எழுதுகிறவரே திட்டம் போட வேண்டும். பாதிப் பேர் தலைவனை மட்டும் வைத்து வேலையை முடித்துக்கொண்டார்களாம்.

"எட்டுல ஒண்ணு எப்படியும் டிஃபெக்ட்டா வரும்னு தெரியும். அதனால ஏழு வேலை செஞ்சா பாஸ்னு வெச்சிட்டாங்க."

அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எட்டு, பணியில் இருப்போர் ஏழு. இதைக் கண்டுபிடிக்கக் கலிபோர்னியா வரை வர வேண்டியதில்லை.

அதன்பின் அந்தக் கெட்டிக்காரத்தனத்தைக் கைவிட்டு, சாதாரணக் கம்ப்யூட்டரில் இருக்கும் வகைப் புராசசருக்கே வந்துவிட்டார்கள். படம் வரைகிறவனையும் கணக்குப் போடுகிறவனையும் ஒரே சில்லில் உட்கார வைத்தார்கள். இப்போது வந்திருப்பது பெரும் பலசாலி. ஆனால் பழைய விளையாட்டு வந்தால் தன் பலத்தை மறைத்துக்கொண்டு, பழைய ஆளாகவே நடிக்க வேண்டும்.

"தப்பு உட்பட, பெரியப்பா. பழைய சிப்பு ஒரு கணக்குல கொஞ்சம் லேட் பண்ணும். பிழைதான். ஆனா அந்த லேட்ட நம்பி ஒருத்தன் கேம்ல கதவு வெச்சிருப்பான். நாங்க சரி பண்ணிட்டா கதவு தொறக்காது. அதனால பிழைய எல்லாம் லிஸ்ட் போட்டு, புதுசுலயும் அதே பிழைய வரவெப்போம்."

அந்த நிமிடம் பிரபு மேல் எனக்குப் பெரும் மதிப்பு வந்தது. முன் அதிகாரியின் தவறை நம்பி நான்கு மாவட்டங்கள் இயங்கிக்கொண்டிருந்தால், அடுத்து வருபவர் அந்தத் தவறைப் பாதுகாத்தே தீர வேண்டும். இதை நான் முப்பது வருடமாகச் சொல்லி வருகிறேன். அதற்கு முன்னுதாரணம் என்று பெயர். இவர்கள் அதைச் சிலிக்கானில் செதுக்குகிறார்கள்.

ஆனால் சான்று சான்றுதான். இரண்டு திரை, ஒன்றில் பாயின் பழைய பெட்டி, இன்னொன்றில் பிரபுவின் புதுப் பெட்டி. ஒரே நேரத்தில் ஆரம்பித்தான். இரண்டு கரடிகளும் ஒன்றாகத் தாவின. இரண்டு பலகைகளும் ஒன்றாக அசைந்தன. நான் கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். வினாடி பிசகவில்லை.

"பாத்தீங்களா? வேகம் ஒண்ணேதான்," என்றான் பிரபு.

பார்த்தேன். புதுப் பெட்டியும் பழைய பெட்டியும் ஒரே வேகம் என்றால், மாறியது பெட்டி இல்லை. பத்மாவதியின் கை. ஈரோட்டில் தாவிய விரல் இப்போது தாவவில்லை. வந்துகொண்டிருந்த கை திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. குறிப்பேட்டில் எழுதினேன்: உபகரணம் திருப்தி. புகார் ஆதாரமற்றது. இந்த இரண்டு வரியை என் பணிக்காலத்தில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டு டீ குடிக்கப் போவேன். இந்தத் தடவை பிரபுவின் மனைவி கொண்டுவந்த டீ ஆறிப்போனது.

காப்பெல்லுக்குத் திரும்பிய அன்று பத்மாவதி வாசலுக்கே வந்துவிட்டாள். பெட்டியை மருமகன் டிவியில் இணைத்தார். தேய்ந்த ரப்பர் கருவியை அவள் கையில் வைத்தேன். கட்டைவிரல் அமுக்கியது. கரடி விழுந்தது. ஐந்தாவது முறையும் விழுந்தது.

"இதும் ஓடுதுங்க," என்றாள்.

அப்போது வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் கையில் அறிக்கை இருந்தது. "பெட்டில ஒண்ணும் இல்ல பத்மா. பிரபு முன்னாடி ரெண்டையும் வெச்சுப் பாத்தாச்சு. வேகம் ஒண்ணுதான்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கணக்கு டீச்சர், மீதியைப் போட அவளுக்கு ஒரு நொடி போதும்.

"அப்படீன்னா என் கைதான்னு சொல்றீங்க."

நான் குறிப்பேட்டை மூடிப் பையில் வைத்தேன். கருவியைச் சோபாவில் வைத்துவிட்டு எழுந்து போனாள். அன்று நாங்கள் சாப்பிட்டு எழுந்த பிறகும் அவள் சமையலறைக்குப் போகவில்லை. "பசிக்கல," என்றாள். கவிதா என்னைப் பார்த்த பார்வையில் இருபத்தேழு இனங்களும் இருந்தன.

அடுத்த நாள் முற்பகல். வீட்டில் செய்ய வேறு வேலை இல்லாததால், செத்துப்போன ஈரோட்டுப் பெட்டியைக் குப்பையில் போடும் முன் முறைப்படி கழித்துக்கட்டலாம் என்று உட்கார்ந்தேன். பயனற்ற பொருளைக் கழிக்க ஒரு படிவம் உண்டு. இடது பக்கத்தில் பழைய பொருளின் பெயர்த்தகட்டு விவரம், வலது பக்கத்தில் மாற்றாக வாங்கிய பொருளின் விவரம். இரண்டு பெட்டிகளையும் கவிழ்த்து வைத்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எழுதினேன்.

வோல்ட்: 240. வோல்ட்: 120.

அதற்கடுத்த வரியை எழுதும்போது பேனா நின்றது. சைக்கிள்: 50. சைக்கிள்: 60.

பதினான்கு வருடம். ஒரு முள். சால்வை. நான்கு பேரிடம் வோல்டேஜ் விசாரித்தேன். இருபத்தேழு இனங்களில் திருகை எண்ணினேன். அமெரிக்காவில் மின்சாரம் அறுபது சைக்கிள் என்பது எனக்குத் தெரியாதா? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தூக்கத்தில் எழுப்பித்தான் யாரும் கேட்கவில்லை.

பிரபுவைக் கூப்பிட்டேன். அங்கே ஏதோ மீட்டிங்கில் இருந்தவன், இரண்டு தகடுகளையும் படித்துக் காட்டியதும் வெளியே வந்து பேசினான்.

"ஐயோ, பெரியப்பா. பெரீம்மா ஆடுனது இந்தியா பெட்டியா? கவிதா இங்க வாங்குனதுன்னுல்ல நெனச்சேன்!"

"கேமுக்கும் கரண்டுக்கும் என்னடா சம்பந்தம்?"

"இப்ப இல்லீங்க, அப்ப இருந்துச்சு. அந்தக் காலத்து டிவி எல்லாம் அந்தந்த நாட்டு கரண்ட்டப் பாத்து வெச்சதுதான். நம்மூர்ல செகண்டுக்கு அம்பது தடவ படம் மாறும். இங்க அறுபது. பழைய கேமுக்குக் கடிகாரம் தெரியாது, படத்தை எண்ணித்தான் நடக்கும். ஒரு படத்துக்கு ஒரு அடி. நம்மூர்ல அம்பது அடி நடந்த கரடி, இங்க அதே நேரத்துல அறுபது நடக்கும். சிப்பு மேல தப்பே இல்லீங்க."

"அப்ப நம்மூர்ல ஆறுல ஒரு பங்கு மெதுவா நடக்கும்."

"அதேதான். பெரீம்மா சொன்னது கரெக்ட்டுங்க. அவங்க கையில ஒரு கோளாறும் இல்ல."

அவன் இன்னொன்றும் சொன்னான். அந்த விளையாட்டுக்கு ஐரோப்பாவுக்கென்று வெளிவந்த பிரதி உண்டு, அதுவும் ஐம்பது. அதை இறக்கிவிட்டால் வரவேற்பறையில் நிற்கும் அதே புதுப் பெட்டி ஐம்பதிலும் நடிக்கும். "சிப்புக்கு ரெண்டு ஊரும் தெரியுங்க. நாமதான் கேக்கல."

நான் படிவத்தை எடுத்துக்கொண்டு பத்மாவதியிடம் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். இரண்டு வரிகளையும் காட்டினேன். படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"அம்பது," என்றாள்.

"ஆமா."

"ஊரையே அம்பதுல நிறுத்துன மனுசன்."

"ஆமா."

"அமெரிக்காவ ரெண்டு சுத்து சுத்திட்டு வந்து, என் கை போச்சுன்னு சொன்ன மனுசன்."

"தப்பு என்னுதுதான் பத்மா."

"இத எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க," என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பிறகு அவள் சிரிக்க ஆரம்பித்தாள். கவிதா என்னவோ ஏதோ என்று மாடியிலிருந்து ஓடி வருமளவுக்குச் சிரித்தாள்.

அன்று மாலை ஐரோப்பாக் கரடி வந்தது. பத்மாவதி முதல் முயற்சியிலேயே மூன்று பலகை தாவினாள். மறுநாளிலிருந்து காலை இரண்டு மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம். எட்டு வயதுப் பேத்தி, "பாட்டி, யூ ஆர் சோ ஸ்லோ!" என்றாள். "ஸ்லோ இல்ல கண்ணு, அம்பது சைக்கிள்," என்றாள் பத்மாவதி. அந்த வீட்டில் அதற்குப் பிறகு எதற்கெடுத்தாலும் அதுதான். நான் காரில் ஏறத் தாமதித்தால் மருமகன்கூட வாய்க்குள் சிரித்துக்கொண்டு, "அம்பதுலயே வாங்க மாமா, அவசரமில்ல," என்கிறார்.

ஐந்து வாரம் கழிந்து ஒரு நாள் அவளே கேட்டாள்: "அந்த ஜெர்சிப் பெட்டி சும்மா கெடக்குதுங்களே. அத மாட்டுங்க."

"அது அறுபதாச்சே."

"தெரியுமுங்க. நீங்க எழுதிக் குடுத்திருக்கீங்க."

மாட்டினோம். கரடி நான்கு நாள் ஆற்றில் விழுந்தது. நான் அறையை விட்டு வெளியே போய்விடுவேன், பார்க்க முடியவில்லை. ஐந்தாம் நாள் உள்ளே வீட்டு மணி அடிக்கும் ஓசை கேட்டது. கடிதம் சேர்ந்தால் கேட்கும் மணி. நான் போகவில்லை. இன்னொரு மணி கேட்டது. பிறகு இன்னொன்று.

அன்று மதியம் சாப்பாட்டு மேசையில் ஐந்து தட்டு இருந்தது. வழக்கமாக நான்கு. பத்மாவதி எனக்கும் பேத்திக்கும் நடுவில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பேத்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாள்; கவிதா அவள் தட்டில் அப்பளத்தை வைத்தாள். மருமகன் ஜெர்சியில் இப்போது என்ன வெயில் என்று, தேவையே இல்லாமல், என்னை விசாரித்தார். பருப்பு சாதத்தில் பாதி வழியிலேயே சிந்தியது. ரசம் மணிக்கட்டுவரை ஓடியது. அவள் நிறுத்தவில்லை, நாங்களும் யாரும் எழுந்திருக்கவில்லை. தயிர் சாதம் முடியும்போது என் தட்டு காய்ந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது.

நான் பையிலிருந்து கோப்பை எடுத்தேன். பொருள்: கரடி ஆற்றில் விழுதல் தொடர்பாக. புகார் உண்மை என நிரூபணமாயிற்று, தவறு ஆய்வு அலுவலருடையது, கரடி கரை சேர்ந்தது, கோப்பை முடிக்கலாம். எல்லாம் எழுதி வைத்திருந்தேன். ஆனால் புகார்தாரர் கையொப்பமிடாமல் எந்தக் கோப்பையும் முடிக்க முடியாது. பேனாவைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினேன்.

பத்மாவதி பேனாவைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இருங்க," என்று எழுந்தாள். "கையக் கழுவிட்டு வர்றேன்."